நான் ‘தி’யை ஒழித்த கதை

“யாரும்மா இதைத் திருத்துனது?” என்று பேராசிரியர் கத்தியபோது, பைண்டிங் பெண்கள் தாள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். திருத்தியது நான்தான்.

சிவகாசியில் பதினைந்து வருஷம் காலண்டர் புரூஃப் பார்த்தவள் நான். காலண்டருக்கு ஒரே சட்டம்தான்: பன்னிரண்டு மாதமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சீசன் முடிந்த நேரத்தில் முதன்முதலாக ஓர் இங்கிலீஷ் கைடு ஆர்டர் வந்தது. “இது சொதப்புச்சுன்னா நீங்க பழையபடி பைண்டிங்குக்கே போயிருங்க” என்று முதலாளி வாழ்த்தினார்.

அதில் ஒரு பாடம். ஒரு வரியில் ‘கோ டு ஸ்கூல்’, அடுத்த வரியில் ‘கோ டு தி ஸ்கூல்’. கீழே ‘இன் ஹாஸ்பிடல்’, ‘இன் தி ஹாஸ்பிடல்’. எழுதிய பேராசிரியருக்கே குழப்பம் போலிருக்கிறது என்று நினைத்து, மனுஷன் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பாடத்தில் இருந்த ‘தி’யை எல்லாம் அடித்துவிட்டேன். பாடம் பார்க்க லட்சணமாக ஆகிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்று தெரிந்துவிடுமே!

எழுதியவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் பிரஸ்ஸில் அச்சுக்குப் பிளேட் போட மாட்டார்கள். அவர் அன்று காரியாபட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். புரூஃபை அங்கேயே கொண்டுபோனேன்.

“நீங்க பாத்துட்டீகள்ல? அப்பச் சரி” என்று எச்சில் கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவரேதான் அச்சான தாளை ஆட்டிக்கொண்டு நின்றார். “‘கோ டு ஸ்கூல்’னா படிக்கப் போறது. ‘தி ஸ்கூல்’னா வாத்தியாரோட சண்டை போடப் போறது. ஹாஸ்பிடல்ல ‘தி’ இல்லன்னா அவன் நோயாளி, ‘தி’ இருந்தா ஆரஞ்சு வாங்கிட்டுப் பாக்கப் போனவன். பாடமே அதுதாம்மா!”

முதலாளி புரூஃப் ஃபைலைப் பிரித்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அந்தப் பக்கத்தில் பேராசிரியரின் கையெழுத்து இருந்தது. பக்கத்திலேயே மஞ்சளாக ஒரு சாம்பார் விரல் தடம்.

“சாப்பாடு நல்லா இருந்துச்சா சார்?” என்றார் முதலாளி.

பேராசிரியர் தாளைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியல சார். கேக்க வெக்கமா இருந்துச்சு” என்றேன்.

“நானும் படிச்சிட்டுப் போட்டிருக்கணும்மா” என்றார் அவர். அந்தப் பாடம் இருந்த பதினாறு பக்கம் மட்டும் மறுபடி அச்சேறியது. நான் என் நாற்காலியிலேயே இருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்றுபோல இல்லாததெல்லாம் தப்பில்லை. தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், பந்தி நடக்கும்போது போய்க் கையெழுத்து வாங்குங்கள்.