“எதுக்குங்க கேக்கறீங்க?”

புற்றுநோய்ப் பிரிவுக்கு மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்களிடம் வலி, வாந்தி, காய்ச்சல், தூக்கம் எல்லாம் விசாரிப்பது என் வேலை. பெரும்பாலானோர் கொட்டித் தீர்ப்பார்கள். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒருவர் மட்டும் அப்படியில்லை. ஒல்லியான மனிதர். முடி உதிர்ந்த தலையைத் துண்டால் மூடியிருப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தை உற்றுப் பார்த்து, “எதுக்குங்க கேக்கறீங்க?” என்பார். பிறகு, “ஒண்ணுமில்லீங்க” என்று முடித்துவிடுவார்.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மருந்துல விரல் மரத்துப்போகுதுங்களா?” என்றேன்.

பாட்டிலைச் சட்டென்று மறைத்தார். “சொன்னா மருந்தை நிறுத்திப்போடுவீங்களா?”

“குறைப்பாங்க, இல்லீன்னா மாத்துவாங்க. இப்படியே விட்டா விரல்ல உணர்ச்சி திரும்பாமயே போயிருமுங்க. அப்புறம் எப்படித் தைப்பீங்க?”

“குறைச்சா நோவு மறுக்கா வந்துருமுங்க. நீங்க எதையும் பாக்கலைன்னு வெச்சுக்குங்க, சிஸ்டர்.”

நான் டாக்டரிடம் சொன்னேன். மருந்தை மாற்றினார்கள். காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். பனியன் கம்பெனியில் மறுபடி ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டதாக, பக்கத்தில் காத்திருந்த நோயாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தோடு அருகில் போனேன். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த சிஸ்டர்கிட்டப் பாத்துப் பேசுங்க. மறைச்சாலும் கண்டுபிடிச்சிருவாங்க.”

சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.