யாருக்குப் பாட்டி

டிசம்பர் பிறந்த வாரத்தில் ஒரு காலை, தோன்யா புரோவி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். லா எஸ்கினா அலுவலகத்தின் வாசல் மேசை என்னுடையது. வருகிறவர்களுக்கு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்வது என் வேலை. பெட்டியின்மேல் அவருடைய படம் அச்சாகியிருந்தது.

“இது யாருடி?” என்றார்.

“நீங்கதான், தோன்யா” என்றேன், மூத்த பெண்களை நாங்கள் மரியாதையாக அழைக்கும் விதத்தில்.

“மூஞ்சி என்னுதுன்னு எனக்குத் தெரியாதா? மேல இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கானுங்களே, அதைப் படி.”

“‘பாட்டி புரோவியின் பாஸ்தேல்’னு இருக்கு.”

“யாருக்குப் பாட்டி?”

படம் அந்தப் பக்கம் போகும்படி பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

“கேக்குறேன்ல. புள்ளையே பெறாதவளுக்குப் பேரன் எங்கேருந்து வந்தான்? என் புருஷன் சாகோ எனக்குத் தெரியாம எங்கேயாச்சும் பெத்து வச்சிருந்தா, அது அவன் பேரன். எனக்கில்ல.”

“பாட்டின்னு போட்டா வெள்ளைக்காரங்களுக்குப் பிடிக்கும்னு நம்ம தலைவர் எட்கார்தோ சொன்னார்.”

“அப்ப அவன் பாட்டி படத்தைப் போட வேண்டியதுதானே. அவ வச்ச பீன்ஸை அவ புருஷனே திங்க மாட்டான், அதான் போடல போல.”

கைப்பையிலிருந்து, அந்தப் பெட்டிப் பாஸ்தேல் ஒன்று வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். “மோந்து பாரு. என்ன வாசம்?”

“ஈர அட்டை மாதிரி இருக்கு.”

“நீ மரியாதை தெரிஞ்சவ. தரை துடைச்ச துணி மாதிரி இருக்கு. நேத்து கப்பித்தானுக்கு வச்சேன். அந்த நாய் தட்டைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, எந்திரிச்சுப் போய் வேற ரூம்ல படுத்துக்கிச்சு.” டப்பாவை மூடினார். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல செனாய்தா என்ன கேட்டா தெரியுமா? ‘கை வலின்னா சொல்லியிருக்கலாமே புரோவி, உருளைக்கிழங்கு மாவைக் கலக்குற அளவுக்கு வந்துட்டியே’ன்னு நாலு பேர் முன்னாடி என் முதுகைத் தடவுறா. செனாய்தா. இலையை ஒழுங்கா மடிக்கத் தெரியாதவ. அவ என்னைப் பாத்துப் பரிதாபப்படுறா.”

“எட்கார்தோ உள்ளதான் இருக்கார்” என்றேன்.

“தெரியும். அவன் செண்டு வாசம் தெருமுனை வரைக்கும் வருது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வா.”

எங்கள் தெருக்களில் ஒரு பெண்ணின் பாஸ்தேலை அவளிடமிருந்து பிரித்துப் பேச மாட்டார்கள். வாழைக்காயையும் கிழங்கையும் பச்சையாகத் துருவி, சிவப்பு விதை போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் குழைத்து, நடுவில் பன்றிக்கறி வைத்து, தீயில் வாட்டிய வாழையிலையில் மடித்து, இரண்டிரண்டாக நூலால் கட்டி வேகவைக்க வேண்டும். கொண்டைக்கடலை சேர்ப்பதா, உலர்ந்த திராட்சை சேர்ப்பதா, தின்னும்போது தக்காளி சாஸ் ஊற்றலாமா என்பதில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கு மாவைப் பற்றி மட்டும் சண்டை கிடையாது. துருவச் சோம்பி அதைக் கலந்தவள் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள், நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல.

அந்தத் தாழ்ந்த குரல் இப்போது புரோவிக்காக ஒலிக்க ஆரம்பித்திருந்தது. அவரால் தாங்க முடியாதது அதுதான்.

புரோவிதென்சியா கிலெஸ், ஸ்பானிஷ் பேசும் எங்கள் தீவின் அத்ஹுந்தாஸ் மலையிலிருந்து இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்தபோது பதினெட்டு வயதுகூட ஆகவில்லை. கணவர் சாகோ எஃகு ஆலையில் இருந்தார். இவர் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்தார். நல்ல மனுஷி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாவில் விரல் விட்டு ருசி பார்த்த பாதிரியாரின் கையையே தட்டிவிட்டவர். சொந்தத் தங்கையோடு பேச்சு இல்லை. காரணம் கேட்டால் அதற்கும் ஒரு வசை விழும். முடிதிருத்தும் கடையின் பின்னறையில் ஆண்களோடு உட்கார்ந்து டோமினோ ஆடுவார், ஏமாற்றுவார், பிடிபட்டால் பிடித்தவனைவிட உரக்கக் கத்துவார். ஆனால் டிசம்பரில் அவர் கட்டிய பாஸ்தேலுக்கு, அவரால் திட்டு வாங்கியவர்களும் வந்து நின்றார்கள்.

லா எஸ்கினா அந்தப் பாஸ்தேலில்தான் பிறந்தது. ஆலை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில், தெருமூலைக் கட்டிடத்தை இடித்துப்போட நகராட்சி முடிவு செய்தது. மாடியில் குடியிருந்தவர்களுக்குப் போக இடமில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்துச் சமையலறையில் பெண்கள் கூடினார்கள். ஆலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆண்கள், பழைய துணிதுவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி ஒரு துருவும் இயந்திரம் செய்துகொடுத்தார்கள். புரோவி மேஸ்திரிபோல் நின்று மிரட்ட, எட்கார்தோவின் அம்மா ஐதே முடிச்சுப் போட, டிசம்பருக்குப் பின் டிசம்பராகப் பாஸ்தேல் விற்று அந்தக் கட்டிடத்தை வாங்கினார்கள். மூலைக் கட்டிடம் என்பதால் ‘மூலை’ என்றே பெயர் வைத்தார்கள். லா எஸ்கினா.

இன்று அது எங்கள் ஜனங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் அமைப்பு, எட்கார்தோ தெக்சிதோர் அதன் தலைவர். அவர் கட்டிய வீடுகள் ஒழுகுவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதையும் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்துச் சமையலறை மாதிரியே கட்டிடத்தில் ஒரு பெரிய சமையலறை இருந்தது. அதை உடைத்துக் கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறை ஆக்கினார். துருவும் இயந்திரத்தைத் துடைத்து, வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே விளக்குப் போட்டார். வெளியூரிலிருந்து நன்கொடையாளர்கள் வரும் நாட்களில் எங்கள் ஜனங்களை வரிசையாக உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்வார். ஒரு விதவையிடம், “புருஷன் செத்த இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டுச் சொல்லுங்க, போன தடவை அவசரப்பட்டுட்டீங்க” என்று அவர் சொல்லிக்கொடுத்ததை என் காதால் கேட்டேன். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அடுத்த தடவை சரியான இடத்தில் நிறுத்தினாள். 

சமையலறை போன பிறகும் நிதி திரட்ட டிசம்பரில் பாஸ்தேல் தேவைப்பட்டது. எனவே வேறு மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து உறையவைத்த பாஸ்தேலை வரவழைத்தார். பெட்டியும் படமும் மட்டும் இங்கே அச்சாயின.

நாங்கள் உள்ளே போனதும் எட்கார்தோ எழுந்து வந்து புரோவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆசி குடுங்க, தோன்யா.”

“கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்” என்றார் புரோவி. வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னார். எங்களில் இது மூச்சு விடுவது மாதிரி. வீட்டுக்குள் நுழைந்தாலும், கிளம்பினாலும், தொலைபேசியை வைத்தாலும் இளையவர் கேட்க வேண்டும், மூத்தவர் கொடுக்க வேண்டும். கொலைசெய்துவிட்டுச் சிறையிலிருந்து கூப்பிடும் மகனுக்கும் தாய் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் அழுவாள்.

“என் பேரை எடுத்துடு” என்றார் புரோவி.

“எதுலேருந்து?”

“விளையாடாத. அந்தப் பெட்டியிலேருந்து.”

“தோன்யா, உக்காருங்க. காபி சொல்லட்டா? அது சுத்தமான இடம். எல்லாரும் தலைக்கு வலை போட்டு வேலை செய்யுறாங்க. நான் போய்ப் பாத்தேன்.”

“தலைக்கு வலை போட்டிருக்கான், சரி. இலை எங்க? பேப்பர்ல சுத்தியிருக்கான். புண்ணுக்குக் கட்டுற மாதிரி.”

“இலை விலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இதெல்லாம் நம்ம ஜனங்களுக்காகத்தானே. உங்க பேரு ஒரு பெரிய கதை, தோன்யா. அதைக் கேட்டா எல்லாரும் அழுவுறாங்க.”

“அவங்க அழுவுறதுக்கு நான் செத்தப்புறம் நேரம் இருக்கு. செனாய்தா சிரிக்கிறா, அதுக்கு என்ன சொல்ற?”

எட்கார்தோவும் சிரித்தார். “செனாய்தாவுக்கு ஒரு பெட்டி இலவசமா அனுப்பிடுறேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சனிக்கிழமை மதியம் விருந்து. தோன்யாவை முதல் மேசையில உக்கார வை. கௌரவிக்கப்போறோம். பேர் விஷயத்தை ஜனவரியில பாத்துக்கலாம்” என்றார். ஜனவரியில் பாஸ்தேலை யாரும் வாங்குவதில்லை.

புரோவி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஈஸ்டருக்குப் போடும் நீல உடையில், முடியைச் சுருட்டி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு. “செனாய்தா வராளாமே. நான் வராம இருந்தா, வெட்கப்பட்டு வரலைன்னு சொல்லுவா” என்றார்.

முதல் மேசைகளில் வங்கிக்காரர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் அவர்களுடைய மனைவிகளும். எங்கள் தெருப் பெண்கள் கடைசியில், பரிமாறுகிறவர்கள் போய்வரும் கதவருகே. செனாய்தா அங்கே இருந்தாள். ஐதேயும் அங்கேதான் இருந்தார், பெற்ற மகன் நடத்தும் விருந்தில். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாஸ்தேல், அதன்மேல் தக்காளி சாஸால் வளைவாக ஒரு கோடு. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கிடந்தது. சிலவற்றில் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். புரோவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த வங்கிக்காரர் அதைப் பேப்பரோடு அறுத்து வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். விழுங்கிவிட்டு, “பிரமாதம்” என்று புரோவியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

“பேப்பரைத் தின்னுட்டான்” என்றார் புரோவி என்னிடம். “பாவம். உள்ள இருக்குறதுக்கு அதுவே பரவாயில்லதான்.”

எட்கார்தோ மேடையில் பேசினார். கீழ்த்தளம், குளிர்காலம், ஏழைப் பெண்களின் கைகள். எல்லாம் உண்மைதான், ஆனால் அவர் வாயில் அது நாள்பட்ட எண்ணெயில் பொரித்தெடுத்ததுபோல் இருந்தது. “நம்ம எல்லாருக்கும் பாட்டி” என்று சொல்லிப் புரோவியை மேலே அழைத்தார். அவர் படி ஏறி நின்றார். எட்கார்தோ மைக்கைக் கையில் வைத்தபடியே அவர்முன் ஒரு முழங்காலை மடித்து, தலை குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஆசி குடுங்க, பாட்டி.”

மைக்கைப் புரோவியின் வாயருகே கொண்டுபோனார்.

புரோவி வாயைத் திறக்கவில்லை.

“ஆசி குடுங்க” என்றார் மறுபடியும், அதே புன்னகையோடு.

புரோவி அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடுகள் இறுக மூடியிருந்தன. கடைசி மேசையில் முள்கரண்டிகளின் சத்தம் நின்றது. ஐதே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, யாரையும் பார்க்காமல் அந்தக் கதவு வழியாக வெளியே போனார். எட்கார்தோவின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அவரும் எங்கள் பிள்ளைதானே. அவருக்குத் தெரியும்.

முதல் மேசைகளில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். உணர்ச்சி மிகுந்து பாட்டியால் பேச முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். வங்கிக்காரரின் மனைவி துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப்போல் அருவருப்பான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

செனாய்தா எழுந்திருக்கவில்லை. தன் தட்டின்மேல் துணியை விரித்து மூடி, தள்ளி வைத்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் அப்படியே செய்தாள். கடைசி மேசை முழுக்கத் தட்டுகள் மூடின. அந்தப் பாஸ்தேல் புரோவியுடையது இல்லை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டுவதற்குள் ஆலைத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சர்ச்சில் செனாய்தா புரோவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என் வீட்டுல அடுப்பு பெரிசு. உனக்கு வேணும்னா” என்று மட்டும் சொன்னாளாம். “உன் அடுப்பு பெரிசு, கைதான் சிறுசு” என்று பதில் சொல்லிவிட்டு, புரோவி போய்ச் சமைத்தார்.

லா எஸ்கினாவில் நடந்தது வேறு. பெயரை எடுத்தார்கள். இப்போது பெட்டியில் வெறும் ‘பாட்டி’ என்று இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒரு நரைத்த கிழவி அதில் சிரிக்கிறாள். மேடையில் எடுத்த படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டார்கள். குனிந்த தலை, மூடிய உதடு. கீழே, ‘வார்த்தைகளுக்கு அப்பாற்பட்ட ஆசி’ என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறது. நாங்கள் படித்தால் எங்களுக்குப் புரியும் என்பதுகூட அவர்களுக்குப் பொருட்டில்லை.

விருந்து முடிந்த அன்று அவரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.  அவர் வீட்டு வாசலில் நிறுத்தியதும், தயங்கித் தயங்கி, “ஆசி குடுங்க, தோன்யா” என்றேன்.

“கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், பொண்ணே. அதுக்கு எதுக்கு நடுங்குற?” என்றார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“நான் செத்தா அவன் கண்டிப்பா பேச எந்திரிப்பான். கோட்டு போட்டுக்கிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு. அதுக்கு முன்னாடி நீ போய் மைக்கைப் புடிச்சுக்கோ. நீ ஒண்ணும் பேச வேணாம், உனக்குத்தான் பேச்சே வராதே. எல்லாரும் வீட்டுக்குப் போற வரைக்கும் அதைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. செய்வியா?”