ஹசிந்தோவா, டெல்வினா

அந்த வாரம் முழுக்க எவாரிஸ்தோவுக்கு வேலையே ஓடவில்லை. பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, குமிழி வருகிறதா என்று பார்க்க மறந்து உட்கார்ந்திருந்தார். காத்திருந்த மோட்டார் சைக்கிள்காரன் இருமிக் காட்டிய பிறகுதான் நினைவு திரும்பியது.

காரணம் ஊருக்கே தெரியும். ஆத்தோ வியெஹோ ஊரின் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இந்த வருஷம், பந்து எறியும் பிட்சர் ஒரே ஒருவருக்குத்தான் இடம். பேச்சில் இருப்பது இரண்டு பெயர்: ஹசிந்தோ, டெல்வின். தேர்வுக் குழு இரண்டாகப் பிளந்து சமமாக நின்றது. பாக்கி எவாரிஸ்தோவின் ஓட்டு மட்டும்தான். சர்க்கரை ஆலை அணியில், அந்த இரண்டு பேரும் எறிந்த பந்துகளை மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடித்த கேட்சர் அவர். இளமை முழுவதையும் அப்படிக் குந்தியே கழித்தவர். அதற்குப் பிறகுதான் பஞ்சர் கடை, கல்யாணம், குழந்தை எல்லாம்.

ஹசிந்தோ எதிர் வீடு. அதோடு நின்றால் பரவாயில்லை, எவாரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தந்தை. அவளை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்திய நாளிலிருந்து இருவரும் கொம்பாத்ரே. அதுவரை வாடா போடா என்று கிடந்தவர்கள் அன்றே ‘நீங்க’வுக்கு மாறினார்கள். கூடப் பிறந்தவன் மேல் வழக்குப் போடலாம், ஊர் பொறுத்துக்கொள்ளும். கொம்பாத்ரேவுக்கு எதிராக நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பதைப் பொறுக்காது.

ஆனால் பந்து வீச்சில் பெரியவன் டெல்வின். எவாரிஸ்தோவின் மனசுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“நீ எதுக்குக் கிழவா இப்படி உருகுற?” என்றாள் மனைவி நிர்சா, வாழைக்காயை மசித்துக்கொண்டே. “டெல்வின் செத்துப் போயிட்டான். அவனுக்குத் தெரியவா போகுது? உயிரோட இருக்கிறவன் எதிர் வீட்ல இருக்கான். கண்ணை மூடிட்டு கொம்பாத்ரே பேரைச் சொல்லிட்டு வா.”

“சொன்னா, கொம்பாத்ரேங்கிறதுக்காகச் சொன்னேம்பாங்க.”

“சொல்லாட்டி வேற ஏதாவது சொல்லுவாங்க. ஊருக்கு வாய் வாடகைக்கா வேணும்?”

ஹசிந்தோ ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில் வாசலில் நின்று, “கொம்பாத்ரே, நல்லாத் தூங்கினீங்களா?” என்று மட்டும் கேட்டார். தூங்கினேன் என்று பொய் சொல்லிவிட்டு எவாரிஸ்தோ வேகமாகக் கடைக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விவாதம். மைதானத்தின் நிழல் விழுந்த படிக்கட்டில் குழு உட்கார்ந்தது. நடுவில் உள்ளூர் ரேடியோவின் மைக். பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது, எழுந்து நின்று காரணமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மளிகைக் கடையும் ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. போட்டியில் இருப்பவர் அன்றைக்கு வீட்டைவிட்டு வரக் கூடாது என்பது வழக்கம். எவாரிஸ்தோ மைதானத்துக்குக் கிளம்பும்போது ஹசிந்தோவின் சாத்திய கதவுக்குள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடை அபெலார்தோதான் ஆரம்பித்தார். “ஹசிந்தோ ஜெயிச்ச ஆட்டத்துல பாதிகூட டெல்வின் ஜெயிக்கல. இதுல பேச என்ன இருக்கு?”

“ஜெயிச்ச கணக்கைப் பாத்தா மண்டபத்துல என் மாமியாரைத்தான் வைக்கணும்,” என்றார் முடிவெட்டும் சாகோ. “வீட்ல இதுவரைக்கும் ஒண்ணுலகூட தோத்ததில்ல. ஹசிந்தோ ஆடினப்ப நம்ம டீம்ல அத்தனை பேரும் புலி. டெல்வின் காலத்துல நின்னது யாரு? என் மச்சான். அவனுக்குத் தட்டுல இருக்கிற ரொட்டியைப் பிடிக்கவே ரெண்டு கை வேணும்.”

சிரிப்பு அடங்கியதும் மைக் எவாரிஸ்தோவிடம் வந்தது. எழுந்து நின்றார்.

“ரெண்டு பேருமே பெரிய ஆளுங்க.”

“அது கல்யாண வீட்ல பேசற பேச்சு,” என்றார் சாகோ. “பேரைச் சொல்லு.”

“டெல்வின்.”

ஹசிந்தோவுக்கு வலிக்காத ஒரு காரணத்தை ராத்திரியெல்லாம் தேடி எடுத்து வைத்திருந்தார். அதை இப்போது அவசரமாகக் கொட்டினார்.

“எந்தப் பந்து போடணும்னு நான் விரலால சைகை காட்டுவேன். டெல்வின் மாட்டேன்னு தலையாட்டுவான். வேற காட்டினா அதுக்கும் ஆட்டுவான். அப்புறம் அவன் நினைச்ச பந்தைப் போட்டு ஆளை வீழ்த்திட்டு என்னைப் பாத்துச் சிரிப்பான். ஹசிந்தோ தங்கம். ஒரு தடவைகூட மாட்டேன்னு தலையாட்டினதில்ல. என் மேல அப்படி ஒரு நம்பிக்கை.”

புகழ்ந்துவிட்டோம் என்று மூச்சு விடுவதற்குள் சாகோ தொடையில் தட்டினார். “அப்ப ஹசிந்தோ ஜெயிச்சதெல்லாம் உன் மூளையாலதானா? முதல்லயே சொல்லியிருந்தா உன்னையே மண்டபத்துல ஏத்தியிருப்போமே.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அதே நொடியில் தெருத் தெருவாகப் போய் விழுந்தது. ஓட்டுப் போடாததைக்கூட மன்னிக்கலாம். உனக்குச் சொந்த மூளை இல்லை என்று ஊரறியச் சொன்னதை எந்தக் கொம்பாத்ரே மன்னிப்பான்?

டெல்வின் பெயரை அறிவித்தபோது கைதட்டக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தார். ஹசிந்தோவின் கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே ரேடியோ அணைந்திருந்தது. ஹசிந்தோ மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க கொம்பாத்ரே.”

“நான் சொல்ல வந்தது வேற...”

“ஓட்டைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. டெல்வின் பெரிய ஆள்தான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் ஏன் மாட்டேன்னு தலையாட்டலன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

“இல்ல.”

“உங்க விரல் எனக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு தூரத்துல எல்லாம் புகையாத்தான் இருக்கும். சொன்னா டீம்ல வெச்சிருப்பானுங்களா? எனக்குத் தோணினதை எறிஞ்சேன். நீங்க கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணா இருந்தா, கை நழுவிடுச்சாக்கும்னு நீங்களே ஓடி வந்து தோள்ல தட்டுவீங்க. நானும் ஆமான்னுடுவேன்.”

எவாரிஸ்தோ அந்த ஆட்டங்களை மனசில் ஓட்டிப் பார்த்தார். கை நழுவிய பந்துகள் நிறைய இருந்தது உண்மைதான். ஆனால் இது நிஜமா, இல்லை, அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு இந்த நாற்காலியில் உட்கார்ந்து கட்டியதா? ஹசிந்தோவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

“இதை ஊருக்குச் சொன்னா, நீங்க வருஷக்கணக்கா ஏமாந்த கதையாயிடும்,” என்றார் ஹசிந்தோ. “அதனால நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல.”

எவாரிஸ்தோ எழுந்து தெருமுனை மளிகைக் கடைக்குப் போனார். மைதானத்திலிருந்து திரும்பிய சாகோவும் மற்றவர்களும் பீரும் கையுமாக நின்றார்கள்.

“வாங்க மூளைக்காரரே,” என்றார் சாகோ.

“மூளையும் இல்ல, மண்ணும் இல்ல,” என்றார் எவாரிஸ்தோ, ஹசிந்தோவின் வீடு வரை கேட்கும்படி. “அவரு என் சைகையைப் பாத்ததே இல்ல. எல்லாம் அவரே யோசிச்சுப் போட்ட பந்து. நான்தான் மடையன் மாதிரி விரலை ஆட்டிட்டு இருந்திருக்கேன்.”

சிரிப்பில் கடையே அதிர்ந்தது. ஒருவர் விரலை ஆட்டிக் காட்டினார். இன்னொருவர் குந்தி உட்கார்ந்தே காட்டினார். அந்த ஆரவாரத்துக்கு நடுவில், ஹசிந்தோவின் வீட்டிலிருந்தும் சிரிப்பு வருகிறதா என்று எவாரிஸ்தோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.