பொட்டு வைத்த சர்வர்

என் செல்போன் போன வாரம் ஓர் அறிவிப்பைக் காட்டியது. இந்தக் கருவிக்கு இனி புதுப்பிப்புகள் வராதாம். இத்தனை வருஷம் சட்டைப்பையில் வைத்துக் காத்த பொருளைச் செய்தவனே கைகழுவிவிட்டான். கோபம் வந்தது. கூடவே, சூடான தூசியும் சந்தனமும் கலந்த ஒரு வாசனையும் மூக்கில் வந்து நின்றது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் அப்போது எனக்கு வேலை. கணினிப் பிரிவு என்று பெயர்தான் பெரிது, ஆள் இரண்டே பேர். நான் பழவேற்காட்டுக்காரன், இன்னொருவனான தாமு ஆரம்பாக்கத்துக்காரன். இருவருமே ஒப்பந்த ஆட்கள். எங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தது. எடைமேடையில் லாரி ஏறினால் கணக்கு அதில்தான் விழும். அதில் ஓடிய பழைய விண்டோஸுக்கு இனி ஆதரவு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். வைரஸ் வந்தால் கேட்க நாதியில்லை. புதியதற்கு மாற்றச் சொன்ன மேனேஜர், "இத நல்லபடியா முடிங்க, உங்கள்ல ஒருத்தர பர்மனென்ட் பண்றேன்" என்றார்.

ஸ்டேஷன் டீக்கடையில் தாமு சொன்னான்: "ரெண்டு பேரும் சேர்ந்தே முடிக்கலாம் பாய். யார எடுக்கறதுன்னு அவரே பேஜாராவட்டும்."

நான் உருகிப்போனேன். எங்கள் ஆலையின் உலையில் இரும்புகூட அவ்வளவு சீக்கிரம் உருகாது.

லாரிகள் வரும் நாளில் சர்வரை நிறுத்த முடியாது. ஆலை நிற்பதோ ஆயுத பூஜையன்றும் மறுநாள் மதியம் வரையும் மட்டும். அந்த வருஷம் அது நோன்பு மாதத்தில் வந்தது. மெஷின்களுக்கெல்லாம் மாலையும் வாழைக்கன்றும். சர்வருக்குத் தாமுவே சந்தனம் குங்குமம் வைத்தான். கற்பூரம் அணைந்ததும் நான் புதிய விண்டோஸ் சிடியை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பூஜைல வெச்சத இன்னிக்கி தொடக்கூடாது பாய். நாளைக்கி விஜயதசமி. காலைல வா, ரெண்டு பேருமா கைய வெப்போம். நீ ஊட்டுக்குப் போய் நோம்பு தொற."

படைப்பதற்கு முன்பே எனக்கென்று தனியாக எடுத்துவைத்த பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அவன் சாமி விஷயத்தில் வாதாட நான் யார்? பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ். பேரீச்சம்பழத்தோடு அந்தப் பொரியையும் வைத்து நோன்பு திறந்தேன். "தங்கமான புள்ள" என்றார் அம்மா.

மறுநாள் காலையில் போனால் சர்வர் புதிய திரையோடு ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய விரலோ பட்டுக் குங்குமம் பெட்டி முழுக்க ஈஷியிருந்தது.

"தாமு நேத்தே முடிச்சிட்டாரே" என்றார் மேனேஜர். "நீங்க நோன்பு தொறக்கணும்னு போய்ட்டீங்களாமே?"

தாமுவை வெளியே அழைத்துக் கேட்டேன். "தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது மிஷினு பாய். அதுக்கு இன்னா தெரியும்?"

அவனை நிரந்தரமாக்கினார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. வேலை போனால் வேறு வேலை, அது கிடைத்தும்விட்டது. ஆனால் அவன் சாமியின் பேரைச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு, என் நோன்பையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தானே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்றால் பொய்.

அந்த ஆலை இப்போது இல்லை. அங்கே கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சர்வரைக் காயலான் கடையில் போட்டிருப்பார்கள். இன்றைய அலுவலகத்தின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, பொட்டு வைக்க ஒரு பெட்டிகூடக் கிடையாது. கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள். "மீதிய நாளைக்குச் சேர்ந்து பாக்கலாம், நீங்க கெளம்புங்க சார்" என்பார்கள். நானும் சிரித்துத் தலையாட்டுவேன். ஆனால் அவர்களில் கடைசி ஆள் கிளம்பும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன்.