வாத்தியாரின் இருபத்திரண்டு பவுண்டு

ஜாசினில் நான் வேலை பார்க்கும் விளையாட்டுப் பொருள் கடையில், நரம்பு கட்டும் இயந்திரத்துக்கு மேலே ஓர் ஆணியில், ஒரு பூப்பந்து மட்டை ஒன்பது வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் வைத்த சந்தனம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் கறைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் விலை கேட்டால் விற்பனைக்கு இல்லை என்பேன். முதலாளி கேட்டால் சாமி மட்டை என்பேன். சீனர் ஆனாலும் யார் சாமிக்கும் குறுக்கே வராத மனிதர், ஒரு முறை கேட்டதோடு விட்டுவிட்டார். உண்மையில் அது சாமி மட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் செய்த தப்பை நானே கண்ணெதிரே மாட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

தப்பு அக்காவுக்குச் செய்தது. அக்கா என் பெரியம்மா மகள், நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வந்து திரும்பும் தார்த்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட ஆரம்பித்து, பதின்மூன்று வயதில் விளையாட்டுப் பள்ளிக்குப் போனாள், பதினெட்டில் தேசியப் பயிற்சி அணிக்கு. பெண்கள் ஒற்றையர். "டபுள்ஸ் ஆடுனா, தோத்ததும் திட்டுறதுக்காச்சும் ஒரு ஆளு இருக்கும்லா" என்று சிரிப்பாள். டிவியில் நாம் பார்த்தது அவள் பிழைப்பில் கால்வாசிகூட இல்லை. மீதியெல்லாம் விமான நிலைய நாற்காலிகள், முழங்காலில் ஐஸ் பை, யாரும் பார்க்காத தகுதிச் சுற்றுகள், காலையில் தோற்று மாலையில் பெட்டி கட்டும் ஊர்கள். வெளிநாட்டில் ஒரே ஒரு முறை அரையிறுதி வரை போனாள். அன்றைக்கு ஜாசின் பசாரில் மீன் வாங்கப் போன என்னைப் பிடித்து நிறுத்தி, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். நானே ஆடியதுபோல வாங்கிக்கொண்டேன்.

ஆடியதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்ற நினைப்புதான். அக்காவின் மட்டைகளுக்கு நரம்பு கட்டியவள் நான். அணியில் அதற்கென்று ஆள் இருந்தும், பெரிய போட்டி வரும்போது மட்டைகள் ஜாசினுக்குத்தான் வரும். இருபத்தேழு பவுண்டு இழுவை, எப்போதும் அதுதான். நரம்பு இறுக்கமாக இருந்தால் பந்து சொன்ன இடத்தில் விழும், ஆனால் அடிக்கிற கையில் பலம் இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் லேசாகத் தட்டினாலே பந்து பறக்கும், ஆனால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. எங்களிடம் ஒரு வாத்தியார் வருவார், தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா வைத்திருக்கிறாள் என்பதற்காகவே அதே மட்டையை, அதே நீல நிறத்தில் வாங்கியவர். அவருக்கு இருபத்திரண்டு பவுண்டு.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அக்கா ஊருக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் தலைநகரில் ஆட்டம். அதில் ஜெயித்துக் காலிறுதிக்குள் போனால் அணியில் இடம் நீடிக்கும், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவளுடைய மூன்று மட்டைகளையும் வாத்தியாருடையதையும் முந்தின நாளே கட்டி முடித்து, ஒவ்வொன்றிலும் பவுண்டு எழுதிய சீட்டை ஒட்டியிருந்தேன். பூஜை அன்று எனக்குப் பக்தி முற்றிவிட்டது. இயந்திரத்தைத் துடைத்தேன். நான்கு மட்டைகளுக்கும் புதுப் பிடித்துணி சுற்றினேன். சந்தனம் வைக்க இடைஞ்சலாக இருந்த சீட்டுகளை உரித்து மேசை ஓரத்தில் வரிசையாக ஒட்டினேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது இல்லையா? விடிந்ததும் அக்கா பஸ்ஸுக்கு அவசரப்பட்டாள். வரிசை மாறவில்லை என்ற நம்பிக்கையில் சீட்டுகளைத் திரும்ப ஒட்டி, மூன்றை அவள் பையில் செருகி அனுப்பினேன். மிச்சமிருந்த ஒன்றை வாத்தியார் வந்து வாங்கிப் போனார்.

ஆட்டத்தன்று காலையில் வாத்தியார் மட்டையோடு வந்தார். "என்னம்மா இது, பலகைய வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு. நேத்து ஆடுனதுல தோளு கழண்டுரும் போல இருந்துச்சு." நரம்பை விரலால் தட்டிப் பார்த்தேன். இருபத்தேழு. அது அக்காவுடையது. உங்கள் மட்டையில் விரிசல் இருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்து அவரை அனுப்பினேன். அக்காவின் கைப்பேசி அணைந்து கிடந்தது. இரண்டு முறை அடித்தேன். மூன்றாவது முறை அடிக்கவில்லை. ஆடப் போகிற நேரத்தில் சொல்லிக் கலவரப்படுத்தக்கூடாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம்.

கல்லாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் பார்த்தேன். முதல் செட்டில் அவள் மட்டையில் நரம்பு அறுந்தது. அந்த செட்டை ஜெயித்தாள், அடுத்ததைத் தோற்றாள். மூன்றாவதில் ஆறுக்குப் பன்னிரண்டு என்று பின்தங்கி நிற்கும்போது இரண்டாவது மட்டையிலும் அறுந்தது. தளர்ந்த நரம்பு அவ்வளவு சுலபத்தில் அறாது. அப்படியானால் பையில் மிச்சம் இருந்தது வாத்தியாருடையது. அக்கா அதை உருவி, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் களத்துக்குள் போனாள். பத்தொன்பது வரை வந்தாள். எப்படி வந்தாள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கடைசிப் பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. பந்தை வெளியே தள்ளியது என் கை என்றே அன்று முடிவு செய்தேன். வாத்தியாரிடம் வாங்கி வைத்த அக்காவின் மட்டையை ஆணியில் மாட்டினேன்.

அடுத்த மாதம் அணியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் தனியாளாக ஆடிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். இப்போது சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை அலுவலகம் ஒன்றில் வேலை. இந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ கல்யாணம், கருமாதி, தீபாவளிகளில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சொல்ல வாய் திறப்பேன், சோறு வந்துவிடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள். பொழுதுபோக்காகத் திரும்ப ஆடப் போகிறாளாம், மட்டை வேண்டுமாம். நிமிர்ந்தவள் ஆணியைப் பார்த்துவிட்டாள். "ஏய், இது என் மாடலாச்சே. யாருது?"

இன்றைக்கும் விட்டால் சாகும்வரை சொல்லமாட்டேன் என்று தோன்றியது. பூஜை, சீட்டு, வாத்தியார், அடிக்காமல் விட்ட மூன்றாவது அழைப்பு என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முடித்ததும் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நீ தெரிஞ்சு கட்டலியா?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"பஸ்ஸுலயே தட்டிப் பாத்தேன்லா. ஒன்னு மட்டும் சத்தம் வேற. எனக்கு அப்பவே தோளு போயிருச்சு. நாலு மாசமா ஊசி போட்டுத்தான் ஆடுனேன், கோச்சுக்கும் தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது. நீ மட்டும் எப்படியோ கண்டுபிடிச்சு, வாயத் தொறக்காம ஒன்ன லூசா கட்டிக் குடுத்திருக்கன்னு நெனச்சேன். மூனாவது செட்டுல கையத் தூக்கவே முடியல. உன் ரேக்கட்டுதான் பந்த அனுப்புச்சு. அது இல்லன்னா ஆறுலயே முடிஞ்சிருக்கும்."

"கடைசிப் பந்து?"

"அது என் அவசரம். அதுக்கும் நீ பங்குக்கு வராத."

வாத்தியாருடைய அந்த மட்டை இன்னும் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம், நரம்பைக்கூட வெட்டவில்லையாம். தன் தோளைக் கண்டுபிடித்த ஒரே ஆள் என்று ஒன்பது வருடம் அவள் என்னை நினைத்திருக்கிறாள். நானோ கண்டுபிடிக்கவே இல்லை. அன்று பூஜையில் அவள் இடது கையால் தீபாராதனை எடுத்துக்கொண்டது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதை நினைத்து ஒரு நிமிடம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "சாமி கண்டுபிடிச்சிருக்கு, நீ இல்ல" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாடா என்று இருந்தது. அதற்குமேல் அழகான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஆணியிலிருந்து மட்டையைக் கழற்றினேன். ஒன்பது வருட நரம்பு, கத்தரி பட்டதும் சத்தமில்லாமல் விட்டுப்போனது. எத்தனை பவுண்டு என்று கேட்டேன். அக்கா வலது தோளை ஒரு முறை சுழற்றிப் பார்த்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு. இந்தத் தடவ தெரிஞ்சே கட்டு."