தொடாமல் கூப்பிடுவது

மூளை அலை எடுக்கிற அறையில் வேலை பார்ப்பவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒயர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. வருகிறவர் தலையில் இடம் பார்த்து, முடியை விலக்கி, தோலைக் கொஞ்சம் தேய்த்து, பசை வைத்து ஒயரை ஒட்ட வேண்டும். திரையில் கோடு ஓடும். அந்தக் கோட்டைப் படித்துச் சொல்வது டாக்டரம்மா வேலை. தலையெல்லாம் பசையோடு எழுந்து முறைக்கிறவர்களிடம், "வெந்நீர்ல அலசுங்க, போயிடும்" என்று சொல்வது அக்கா வேலை.

அவள் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். தெருமுனையில் சின்னக் கடை. "நான் தலைக்கு வெளிய பாக்கறேன், நீ தலைக்கு உள்ள பாக்கற. மொத்தத்துல ஊரான் தலைதான் நமக்குச் சோறு போடுது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். ஒரே ஜோக்கை இத்தனை வருஷம் சொல்லி அலுக்காத மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் கடையில் வாடிக்கையாளர் ஒருவனுக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தபோதே வீட்டுக்காரர் சரிந்து விழுந்தார். பாதி ஷேவ் செய்த முகத்தோடு அந்த ஆள்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நின்ற இதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். அதற்குள் மூளை மூச்சுக்குத் தவித்துவிட்டது. அன்றிலிருந்து கண் திறக்கிறது, மூடுகிறது. தூக்கம் உண்டு, விழிப்பு உண்டு. யாரையும் பார்ப்பது மட்டும் இல்லை. வயிற்றில் குழாய் வழியாகக் கஞ்சி போகிறது. முதுகு புண்ணாகாமல் இருக்க அவரைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்து, அவளுக்கு இடுப்பே போய்விட்டது.

வீட்டில் ரெண்டு கட்சி. மாமியார் ஒரு கட்சி. "எம் புள்ள உள்ளதான் உக்காந்திருக்கான். உடம்பு சட்டைதான். சட்டை கிழிஞ்சா ஆளு செத்துட்டானா?" என்பாள். கொழுந்தன் இன்னொரு கட்சி. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவனும் அவன்தான். ஆனாலும் சொல்வான்: "அண்ணி, வீடு காலி. லைட்டு மட்டும் எரியுது. நீங்களும் அம்மாவும் வாசல்ல நின்னு கதவைத் தட்டிட்டிருக்கீங்க."

வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் பரவாயில்லை. ரெண்டாவது தடவை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டபோது, வார்டு டாக்டர் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த முறை மூச்சு திணறினால் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போடுவதா, வேண்டாமா? "போடணும்" என்றாள் மாமியார். "அவனை இன்னும் கஷ்டப்படுத்தாதீங்க" என்றான் கொழுந்தன். ரெண்டு பேரும் கத்தி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். பால் பொங்கி வழியும்போது மட்டும் எல்லோருக்கும் அடுப்பு யார் வேலை என்று ஞாபகம் வந்துவிடும்.

உள்ளே ஆள் இருக்கிறாரா? அது தெரிந்தால் பதில் தெரிந்த மாதிரி. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கேட்பதற்கு அவளைவிட நல்ல இடத்தில் யாரும் இருக்க முடியாது. டாக்டரம்மா ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். நினைவு என்பது என்ன, 'நான்' என்று உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று வருஷக்கணக்காகத் தேடுகிறார். அதற்காகவே ஒரு தியானக்காரர் வந்துபோவார். மொட்டைத் தலை, முட்டி வலி, நல்ல மனுஷர். ஒயர் ஒட்ட அந்தத் தலை மாதிரி சுகம் கிடையாது. அவர் கண்ணை மூடி உட்கார்ந்தால் திரையில் கோடு குளம் மாதிரி அடங்கும். எழுந்ததும் ரெண்டு பேரும் தொடங்கிவிடுவார்கள்.

"மூளை இல்லாம மனசு ஏதுங்க?" என்பார் டாக்டரம்மா.

"மூளை இருக்குன்னு தெரிஞ்சுக்கிறது எதும்மா?" என்பார் அவர்.

"அடுத்த தடவை அதையும் அளந்துடலாம்."

"அளக்கறவங்களை யாரு அளப்பாங்க?"

சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்கள். ஒரு நாள் விஞ்ஞானமும் ஆன்மிகமும் ஒன்றுசேரும் என்பதில் ரெண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டே நினைப்பாள்: சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள், பெண் யார் என்றுதான் ரெண்டு வீட்டுக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் அவர் தலையிலிருந்து ஒயரைப் பிடுங்கும்போது கேட்டேவிட்டாள். "ஐயா, நீங்க உள்ள போய்ப் பாத்தவரு. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரா, இல்லையா? வீட்டுக்கு வந்து பக்கத்துல உக்காந்து சொல்லுங்களேன்."

அவர் மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த பசையைத் தடவிப் பார்த்தார். "எனக்கு என் வீட்டுக் கதவுதாம்மா திறக்கும். அடுத்த வீட்டுக்குச் சாவி கிடையாது. இருக்காருன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு. பொய் சொல்லவா?"

"வேணாம்" என்றாள்.

சரி, இந்தக் கதவு மூடிவிட்டது என்று டாக்டரம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அசையாமல் கிடப்பவரிடம், 'கையை இறுக்கி மூடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வார்கள். கை அசையாவிட்டாலும் நினைத்தாலே மூளையில் அதற்கு ஓர் அலை எழும். எழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. "வரலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. நல்லா இருக்கிற சிலருக்கே வராது, உங்களுக்கே தெரியும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். அக்கா தலையாட்டினாள். வரும் என்று நினைத்தவளுக்கு வராவிட்டால் என்ன என்பது எங்கே காதில் ஏறும்?

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா அலை எடுக்கிற பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். கோட்டில் கரண்ட் இரைச்சல் கலக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார்கள். கொழுந்தன் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினான். மாமியார் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் சாமி பேரை முணுமுணுத்தபடி நின்றாள். அக்கா புருஷன் தலையில் முடியை விலக்கினாள். ஊருக்கெல்லாம் வெட்டின மனுஷனுக்கு, இப்போது கொழுந்தன் கத்தரித்த கோணல் கிராப்பு.

"உங்க குரல்தான் அவருக்குப் பழக்கம். நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏங்க, வலது கையை இறுக்கி மூடறதா நினைங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, "இப்ப விடுங்க." மறுபடி, "இறுக்கி மூடுங்க." வியர்வை வழிய வழியச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா திரையை நோக்கிக் குனிந்தார். "வருது" என்றார். "நீங்க சொல்றப்ப எல்லாம் மாறுது."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, நான் காலின்னு சொன்னேனே" என்றான். அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

டாக்டரம்மா முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. அவர் பார்வை கட்டிலுக்கு வந்திருந்தது.

"உங்க கை எங்க இருக்கு?"

அக்கா குனிந்து பார்த்தாள். புருஷனின் வலது கை அவள் மடியில் இருந்தது. அவள் கட்டைவிரல் அவர் உள்ளங்கைக்குள் இருந்தது. பேசும்போதெல்லாம் அந்தக் கையை எடுத்து அமுக்கிக்கொண்டே பேசுவது வழக்கமாகிவிட்டது. 'மூடுங்க' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவளே அமுக்கியிருக்கிறாள். தொட்டால் தூங்குகிற மூளையிலும் அலை மாறும். நோயாளியின் சொந்தக்காரர்களை, "தொடாதீங்க, தள்ளி நில்லுங்க" என்று தினமும் விரட்டுகிறவள் அவள்தான்.

"இன்னொரு தடவை எடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

அக்கா எழுந்து தள்ளி நின்று, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஏங்க, கையை மூடறதா நினைங்க." கேட்டாள், காத்தாள், கேட்டாள். கோடு தன் பாட்டுக்கு ஓடியது. கூப்பிட்ட குரலுக்கு அது திரும்பியே பார்க்கவில்லை.

"அப்ப இல்லையா?" என்றான் கொழுந்தன்.

"இல்லைன்னு சொல்ல முடியாது."

"இருக்கானா?" என்றாள் மாமியார்.

"அதுவும் சொல்ல முடியாதும்மா. எனக்குத் தெரியல." ஒயரைச் சுருட்டும்போது டாக்டரம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. மொட்டைத் தலைக்காரரும் இவரும் கடைசியில் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதானா என்று அக்கா நினைத்தாள். யாரைக் கோபிப்பது? ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

டாக்டரம்மா போனதும் கொழுந்தன் மின்விசிறியைப் போட்டான். அக்கா வெந்நீர் கொண்டுவந்து புருஷன் தலையிலிருந்த பசையை ஊறவைத்துத் துடைத்தாள். தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கையை மடக்கி வைத்துக்கொண்டு, "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் கண் கூரையிலேயே இருந்தது. இனிமேல் ஒவ்வொரு தடவையும் இப்படிச் சோதித்துப் பார்க்கத் தோன்றுமே என்று அவளுக்குப் பகீரென்றது. "தண்ணி படும், கண்ணை மூடிக்கங்க" என்றாள். கண்ணைத் தானே துணியால் மூடினாள்.

பின்மண்டையைத் துடைக்க அவர் தலையைத் தூக்கியபோது இருமினார். நெஞ்சுக்குள் தண்ணீர் புரள்கிற மாதிரி ஓர் இருமல். ரெண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது.

மறுபடி தொடங்கியிருந்த முணுமுணுப்பை மாமியார் நிறுத்தினாள். கொழுந்தன் கையில் ஃபிரிட்ஜ் பிளக்கோடு நின்றான். ரெண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அக்கா. "எங்கிட்ட மட்டும் வந்து சொன்னாரா?"

அவரைப் பக்கவாட்டில் சாய்த்து முதுகைத் தட்டத் தொடங்கினாள். மறுபடி இருமினார். அவர் கை எப்போது தன் கைக்குள் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.