நான் கேட்ட ஜெயம், கர்த்தர் காத்த உயிர்

சபையாருக்கு என் வணக்கம். என் கையாலேயே என் மகளைச் சாவுக்கு அனுப்ப இருந்தேன். கர்த்தர் தடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

குடிபாலாவில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கிறேன். என் ஒரே மகள் கிருபா திருப்பதியில் டிகிரி படிக்கிறாள். கல்லூரிக் கபடி அணியில் அவள்தான் முக்கியமான ரெய்டர். போன தசரா விடுமுறைக்கு முன்பு அங்கே போட்டி நடந்தது. சனிக்கிழமை அரையிறுதி. பார்க்கப் போயிருந்தேன்.

ரெய்டு போனவளின் காலைப் பிடித்து இழுத்தார்கள். விழும்போது ஒரு பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் மோதியது. ரத்தம் இல்லை. நினைவும் தப்பவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு ஆடினாள்.

வெளியே வந்ததும், "நைனா, நாம்ப ஜெயிச்சமா?" என்றாள்.

"ஜெயிச்சிட்டம்மா," என்றேன்.

சாப்பிடும்போது அதையே கேட்டாள். ஆட்டோவில் ஏறும்போது மறுபடியும் கேட்டாள். குறும்பு செய்கிறாள் என்று சிரித்தேன்.

அன்று ராத்திரி திருப்பதியிலேயே என் தங்கை வீட்டில் தங்கினோம். காலையில் கிருபா ஜன்னலைத் திறக்க விடவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "தலை கனமா கீது நைனா," என்றாள்.

"இன்னிக்கு பைனல் ஆச்சே கண்ணு. கொஞ்ச நேரம் தாங்கிக்க." இந்த வாய்தான் அதைச் சொன்னது.

மைதானத்தில் கோச்சிடம் சொன்னேன். "ஏம் காதண்ணா, ஒண்ணும் ஆவாது! ஒரு மாத்திர போட்டா சரியாப் பூடும். உம் பொண்ணு இல்லன்னா டீமே இல்ல," என்றார். தலையாட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, இவளுக்கு ஜெயம் தாரும்," என்று ஜெபித்தேன்.

நான் ஆமென் சொல்லுமுன் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா, அம்மா எங்க? இன்னும் வர்லியா?"

அவள் அம்மாவை அடக்கம் பண்ணி இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழியில் முதல் பிடி மண் போட்டவளே இவள்தான்.

அவள் கண்கள் என்மேல் இருந்தன, ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. விசில் ஊதினார்கள். அவளும் எழுந்தாள். "ஆண்டவரே, இவளை எனக்குக் கொடுத்துடுங்க," என்றேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கோச் தெலுங்கிலும் தமிழிலும் கத்தினார். நான் திரும்பவே இல்லை. ஆட்டோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "ரத்தக்கசிவு இல்லை. ஆனா மூளை அதிர்ந்திருக்கு. அது ஸ்கேன்ல தெரியாது. மயக்கம் போட்டாத்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. நேத்தே ஆட்டத்துலருந்து வெளியே கூட்டிட்டு வந்திருக்கணும். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டிருந்தா உயிரே போயிருக்கலாம்."

நான் இழுத்து வராவிட்டால், அந்த நேரம் அவள் மைதானத்தில் இருந்திருப்பாள்.

பிறகும் பயம் விடவில்லை. முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போன் கூடாது. அப்புறம் மெதுவாக நடை. சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தாள். பேசும்போதே வார்த்தை மறந்து அழுதாள். நம் ஆலயத்தில் டிரம் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதை நீங்களே பார்த்தீர்கள். என் பழைய கிருபா திரும்புவாளா என்று தினமும் முழங்காலில் நின்று அழுதேன்.

மூன்றாவது வாரம் தலைவலி நின்றது. டாக்டரம்மா சொன்னபடி மெல்ல ஓடினாள். பிறகு யாரும் தொடாமல் தனியாகப் பயிற்சி. நடுவில் ஒரு நாள் தலைவலி திரும்பியது. உடனே நிறுத்தி, முந்தைய படிக்கே போனோம். டாக்டரம்மா பரிசோதித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களோடு மோதி ஆட விட்டேன். இப்போது பழையபடி ஆடுகிறாள். ஸ்தோத்திரம்!

அன்று பைனலில் அவள் அணி தோற்றது. நான் கேட்ட ஜெயத்தை அவர் தரவில்லை. எனக்கு முதலில் கேட்கத் தெரியாததைத் தந்தார்.

பெற்றோரே, அவரை நம்புங்கள். பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஜெபித்துக்கொண்டே போய், கையைப் பிடித்து வெளியே கூட்டி வாருங்கள்.